புல்லாங்குழலையே தொழிலா வச்சுக்கலாமா? வாசிக்கறதும் சொல்லிக்குடுக்கறதும் பத்தி ஒரு நீளமான பதில்

கேள்வி சுருக்கமா இதுதான்: கர்நாடக சங்கீதத்துல புல்லாங்குழல் பத்து வருஷம் கத்துக்கிட்ட ஒருத்தர், இப்ப ஐடி வேலைல இருக்கார். வேலையை விட்டுட்டு முழுநேரமா குழலுக்கு வந்துடலாமான்னு கேக்கறார். கச்சேரி பண்ணியே பிழைக்க முடியுமா இல்ல டீச்சரா ஒதுங்கிட வேண்டியதுதானா, டிகிரி வேணுமா, ஆன்லைன் க்ளாஸ் சரிப்படுமா, போதாக்குறைக்கு பல் டாக்டர் கம்பி போடச் சொல்றாராம், போடலாமா.

ஒவ்வொண்ணா வர்றேன், ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு. கச்சேரிதான் நிஜமான தொழில், டீச்சிங் அது அமையாதவங்க போய்ச் சேர்ற இடம்னு உங்க மனசுல இருக்கு. வாசிக்கறவங்கள்லயே பாதிப்பேர் அப்படித்தான் நினைக்கறாங்க. நம்ம குழல்காரங்க வரலாறு அப்படி இல்லவே இல்ல. திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளை நாகஸ்வரக் குடும்பத்துல பொறந்து குழலுக்கு வந்தவர், 1953-ல மியூசிக் அகாடமியோட பெரிய விருதான சங்கீத கலாநிதி வாங்கினவர், அவர் காலேஜ்ல உக்காந்து பாடம் சொல்லிக்குடுத்த மனுஷன். அவர்கிட்ட கத்துக்கிட்டவர் டி. விஸ்வநாதன், வீணை தனம்மாளோட பேரன், பாலசரஸ்வதியோட தம்பி. அவர் மெட்ராஸ் யூனிவர்சிட்டி சங்கீதத் துறைக்கே தலைவரா இருந்துட்டு அப்புறம் அமெரிக்கா போயி 1975-லேர்ந்து வெஸ்லியன் யூனிவர்சிட்டில 2002-ல கண்ணை மூடற வரைக்கும் சொல்லிக்குடுத்துக்கிட்டே இருந்தார், அந்த வாத்தியார் வேலைக்கு நடுவுலதான் 1988-ல அவருக்கும் சங்கீத கலாநிதி வந்தது. என். ரமணிய எடுத்துக்கோங்க, உலகம் பூரா கச்சேரி, அதே சமயம் சென்னைல அகாடமி வச்சு வரிசையா சிஷ்யங்களை உருவாக்கினார். இவங்கள்ல யாரையாவது ஒதுங்கினவங்கன்னு சொல்லுவீங்களா?

என் கட்சி என்னன்னு இப்பவே சொல்லிடறேன். டீச்சிங் தனி வித்தை, வாசிப்பைக் கத்துக்கிட்ட மாதிரியே அதையும் தனியா உக்காந்து கத்துக்கணும், அதுவும் கச்சேரி வாய்ப்பெல்லாம் தேடி அலுத்துப்போன அப்புறம் இல்ல, முதல்லேர்ந்தே. நல்லா வாசிக்கறவர் தானாவே நல்லா சொல்லிக்குடுப்பார்ங்கறது மத்த வாத்தியத்துல எப்படியோ, குழல்ல செல்லாது. ஏன்னு கீழ வர்றேன்.

முதல்ல கச்சேரி. குழல்காரங்க பொழப்புல ஒரு அடிப்படைச் சிக்கல் இருக்கு, அதை யாரும் வெளிப்படையா சொல்றதில்ல. கர்நாடக சங்கீதத்துல பாட்டுக்குப் பக்கவாத்தியம்னா வயலின், மிருதங்கம், அப்புறம் கடமோ கஞ்சிராவோ. வயலின் வாசிக்கற ஒரு பையனுக்கு ஊர்ல எத்தனை பாட்டுக்காரங்க இருக்காங்களோ அத்தனை பேரும் வாய்ப்புதான், மார்கழி சீசன்ல ஒரே நாள்ல ரெண்டு மூணு கச்சேரி கூட ஓடி ஓடி வாசிக்கறாங்க. குழலுக்கு அந்த வாசல் கிடையாது. நீங்க மேடைல ஏறணும்னா நீங்கதான் மெயின் ஆர்ட்டிஸ்ட், உங்களுக்குன்னு ஒரு சபா ஸ்லாட் குடுக்கணும், அந்த ஸ்லாட்டுல பெரும்பங்கு வாய்ப்பாட்டுக்குப் போயிடும், மிச்சம் இருக்கறதை வீணை, வயலின் சோலோ, மாண்டலின், சாக்ஸ், நாகஸ்வரம்னு எல்லாரோடயும் பங்கு போட்டுக்கணும். ஆரம்பத்துல கிடைக்கறது மத்தியான ஃப்ரீ கச்சேரி. அதுல உங்களுக்கு வர்ற சன்மானத்தை பக்கவாத்தியக்காரங்களுக்குக் குடுத்து ஆட்டோவுக்கும் குடுத்தா கணக்கு சரியாப் போயிடும், சில தடவை கைக்காசும் போகும். அதைத் தப்புன்னு சொல்ல வரல, அந்த மேடைல வாசிச்சாதான் நாலு பேருக்கு உங்களைத் தெரியும். அதை வருமானக் கணக்குல எழுதாம விளம்பரச் செலவுக் கணக்குல எழுதிக்கோங்க, அவ்வளவுதான்.

உடனே யாராவது குழல்காரர் ஷஷாங்கைக் காட்டுவாங்க, 1990-ல 12 வயசுல மியூசிக் அகாடமில சீனியர் ஸ்லாட்டு வாசிச்சாரேன்னு. வாசிச்சார். குழல் மேதை மாலி (டி.ஆர். மகாலிங்கம்) ஏழெட்டு வயசுலயே மேடை ஏறினார். அதெல்லாம் கேட்டு சந்தோஷப்படலாம், அதை வச்சு ரெசிக்னேஷன் லெட்டர் எழுதக் கூடாது. மாலி கச்சேரிக்கு வருவாரா மாட்டாரான்னு சபாக்காரங்க வாசல்ல நின்ன கதையெல்லாம் இன்னைக்கும் ரசிச்சு சொல்லுவாங்க, அவருக்கு அது செல்லுச்சு, நீங்களோ நானோ ஒரு தடவை பண்ணினா அடுத்த வருஷம் போன் வராது.

சரி, அப்ப குழல்காரங்களுக்குப் பணம் எங்கேர்ந்துதான் வருதுன்னா, நிறையப் பேருக்கு பரதநாட்டியத்துலேர்ந்து. டான்ஸ் ஆர்க்கெஸ்ட்ரால நட்டுவாங்கம் (தாளம் தட்டி ஜதி சொல்லி ஆட்டத்தை நடத்தறது), பாட்டு, மிருதங்கம் கூட வயலின் இல்லன்னா குழல், ரெண்டும் இருந்தா இன்னும் விசேஷம். அரங்கேற்றம்னா அலாரிப்புலேர்ந்து தில்லானா வரைக்கும் ரெண்டு மணிநேரத்துக்கு மேல, அதுல வர்ணம் மட்டுமே அரைமணிக்குக் குறையாது. இதுக்குத் தேவைப்படற திறமை சபா கச்சேரித் திறமை இல்ல. பாடறவங்க என்ன ஸ்ருதியோ அதுதான் உங்க ஸ்ருதி. பெண் குரல்னா நாலரை, அஞ்சு, அஞ்சரைக் கட்டைன்னு (கட்டைங்கறது ஸ்ருதியோட அளவு) எங்க வேணா வந்து நிக்கும், ஆண் குரல்னா ஒண்ணு, ஒண்ணரை, ரெண்டு. பையில எல்லா ஸ்ருதிக்கும் குழல் இருக்கணும், ஒரே ஸ்ருதில ரெண்டு இருந்தா நல்லது, ஏன்னா ஏசி ஹால்ல மூங்கில் விரிசல் விடறதுக்கு நேரம் காலம் பாக்காது. அதே ஏசில இன்னொரு வேடிக்கையும் நடக்கும், குளிர்ந்து கிடக்கற குழலை எடுத்தா ஸ்ருதி கீழ இருக்கும், பத்து நிமிஷம் ஊதி உள்ள காத்து சூடானா மேல ஏறிக்கும், எலக்ட்ரானிக் தம்பூரா மட்டும் அசையாம அங்கேயே நிக்கும். அனுபவஸ்தங்க வாசிக்காத நேரத்துலயும் குழலைக் கைக்குள்ளயே அணைச்சு வச்சிருப்பாங்க, அது பக்தி இல்ல, சூடு.

சஞ்சாரி வர்ற இடத்துல, அதாவது ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட அபிநயத்துல கதை விரியற இடத்துல, ஆடறவங்க முகத்தைப் பாத்து வாசிக்கணும். யசோதை கோவப்படறாளா கொஞ்சறாளான்னு தெரியாம நீங்க பாட்டுக்கு ராகம் வாசிச்சுக்கிட்டிருந்தா நட்டுவாங்கம் பண்ற டீச்சர் திரும்பிப் பாக்கற பார்வையே போதும். கண்ணன் பதம்னா கேக்கவே வேணாம், ஆடற பொண்ணு ரெண்டு கையையும் குழல் பிடிக்கற மாதிரி வச்சு நின்ன உடனே ஹால் மொத்தமும் உங்க பக்கம் காதை நீட்டும், அந்த நாலு செகண்டுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்காங்க. பேசிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு, ரிகர்சல். ப்ரோக்ராமுக்கு மட்டும் பணம் பேசிட்டு ரிகர்சலை "பாத்துக்கலாம்"னு விட்டீங்கன்னா அது அஞ்சு ஆறுன்னு இழுத்துக்கிட்டே போகும். எத்தனை ரிகர்சல், ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவுன்னு முன்னாடியே வாட்ஸப்ல எழுத்துல வாங்கிடுங்க, சங்கடப்படாதீங்க. பெரிய ஆர்ட்டிஸ்டுகளும் அப்படித்தான் பண்றாங்க, வெளியில சொல்ல மாட்டாங்க.

சினிமா, ஸ்டூடியோ ரெக்கார்டிங் இன்னொரு உலகம். பாடகர் அருண்மொழியா எல்லாருக்கும் தெரிஞ்ச நெப்போலியன், நவீன் குமார் இவங்கெல்லாம் சினிமாப் பாட்டுல குழலுக்குன்னு ஒரு முகத்தையே குடுத்தவங்க. அந்தக் காலத்துல ஆர்க்கெஸ்ட்ரா மொத்தமும் ஒண்ணா உக்காந்து வாசிக்கும், இளையராஜா மாதிரி ஸ்டாஃப் நொட்டேஷன்ல (மேற்கத்திய இசைக்குறிப்புல) எழுதிக் குடுத்தா பாத்த உடனே வாசிக்கணும். இப்ப பெரும்பாலும் தனியா, காதுல க்ளிக் ட்ராக்கைப் போட்டுக்கிட்டு, சில சமயம் வீட்லயே மைக்கை வச்சு வாசிச்சு ஃபைலை அனுப்பிடறாங்க. கீபோர்டுல குழல் சாம்பிள் வந்தப்ப நம்ம கதை முடிஞ்சுதுன்னு நிறைய பேர் நினைச்சாங்க, ஆனா சாம்பிளுக்கு ஸ்வரம் வரும், ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவுல இருக்கறது வராது, அதனால இன்னமும் கூப்பிடறாங்க. இந்த வேலைக்கு வேணும்கறவங்க ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கக் கத்துக்கணும், கர்நாடக ஆளுங்க இதுல கோட்டை விடறாங்க. அப்புறம் இந்த வாய்ப்பு நாலஞ்சு பேருக்குள்ளயே சுத்தும், உள்ள நுழையறது திறமையை விட யார் போன்ல உங்க நம்பர் இருக்குங்கறதுலதான் இருக்கு.

ஆல் இந்தியா ரேடியோ க்ரேடு பத்தி கேக்கல, ஆனாலும் சொல்றேன், எடுத்துடுங்க. ஆடிஷன் குடுத்து பி, பி-ஹை, ஏ, டாப்னு போகும். அதுல வர்ற வாசிப்பு வருஷத்துக்கு கொஞ்சம்தான், அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. ஆனா வெளிநாட்டு ப்ரோக்ராம், காலேஜ் வேலை, சபா அப்ளிகேஷன் எங்க போனாலும் "என்ன க்ரேடு"ங்கறதுதான் முதல் கேள்வி.

இப்ப டீச்சிங். வீணைல தப்பு பண்ணினா எந்த மெட்டுல விரல் வச்சான்னு கண்ணால பாக்கலாம். வயலின்ல வில் எங்க போகுதுன்னு தெரியும். குழல்ல நடக்கறது எல்லாம் வாய்க்குள்ளயும் உதட்டுலயும் வயித்துலயும். மாணவனுக்கு சத்தம் வரல, நீங்க பாத்தா எல்லாம் சரியாத்தான் இருக்கு. துளைக்கு மேல காத்து ரொம்ப நேரா போகுதா, கீழ குத்துதா, உதடு விரிஞ்சிருக்கா, பல்லை இறுக்கிக்கிட்டிருக்கானா, இதையெல்லாம் நீங்க காதாலதான் கண்டுபிடிக்கணும், அந்த சளசளன்னு வர்ற காத்து சத்தத்தை வச்சே. இதுல கொடுமை என்னன்னா உங்களுக்கு டோன் எப்ப வந்ததுன்னே உங்களுக்கு ஞாபகம் இருக்காது, ஏழெட்டு வயசுல தானா வந்திருக்கும், தானா வந்த ஒண்ணை இன்னொருத்தருக்கு எப்படி வரவழைக்கறது? அதனாலதான் இது தனி வித்தைன்னு சொல்றேன்.

ஒரு உதாரணம் கிட்டக்க போய்ப் பாப்போம். எல்லாரும் மாயாமாளவகௌளை ராகத்துல சரளி வரிசை, அதாவது முதல் பாடம், ஆரம்பிக்கறோம், அது பாட்டுக்குச் சரி. நம்ம எட்டுத் துளை குழல்ல துளைகளை முழுசா மூடி முழுசா திறந்தா இயற்கையா வர்றது ஹரிகாம்போதி ராகம். முதல் ரெண்டு துளை மூடினா ஸ, ஒண்ணு மூடினா ரி, எல்லாம் திறந்தா க. அப்ப மாயாமாளவகௌளைக்கு சுத்த ரிஷபம் (ரி), சுத்த தைவதம் (த), காகலி நிஷாதம் (நி) எல்லாத்துக்கும் துளையை பாதி மூடற வேலை வந்துடுது, சத்தமே இன்னும் நேரா வராத குழந்தைகிட்ட முதல் வாரமே அரைத்துளை கேக்கறோம். அது தடவித் தடவி ஏதோ ஒரு ரி பிடிக்கும், அந்தத் தப்பு ரி காதுல அப்படியே உக்காந்துடும், ரெண்டு வருஷம் கழிச்சு அதைக் கழட்டறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். அதனால நான் முதல்ல மோகனத்துல சின்னச் சின்ன பிடிகளா வாசிக்க விடுவேன், ஸ ரி க ப த, அஞ்சும் முழுத் துளை ஸ்வரம், மத்யமமும் (ம) இல்ல. அப்புறம் ஹரிகாம்போதிலயே வரிசைகள், விரலும் டோனும் உக்காந்த பிறகுதான் மாயாமாளவகௌளை. சம்பிரதாயத்தை மாத்தறேன்னு திட்டறவங்க உண்டு, திட்டட்டும்.

மத்யமம் இல்லன்னு சொன்னேன்ல, அது சும்மா இல்ல. காந்தாரத்துல (க) விரல் எல்லாம் மேல நிக்கும், குழல் கட்டைவிரல்கள் மேலயும் உதட்டுலயும்தான் தொங்கிக்கிட்டிருக்கும், அங்கேர்ந்து மத்யமத்துக்குப் போகணும்னா அத்தனை விரலும் ஒரே சமயத்துல வந்து துளையை மூடணும், அதே நொடில காத்தோட வேகத்தையும் கூட்டணும், இல்லன்னா மந்த்ர ஸ்தாயி (கீழ் ஸ்தாயி) மத்யமம் புஸ்ஸுன்னு வரும். ஆரம்ப மாணவர்கள் முக்காவாசிப்பேர் மாட்டிக்கற இடம் இதுதான். குழந்தை இங்க தடுமாறும்போது "இன்னும் ப்ராக்டிஸ் பண்ணு"ன்னு சொல்றவர் டீச்சர் இல்ல. வெறும் க ம, க ம, ரொம்ப மெதுவா, முதல்ல விரலை மட்டும் ஊதாம தட்டச் சொல்லி, அப்புறம் மத்யமத்தை மட்டும் தனியா நேரா பிடிக்கச் சொல்லி, அப்புறம் ரெண்டையும் சேத்து, இப்படிப் பிரிச்சுக் குடுக்கறவர்தான் டீச்சர்.

பாட வைக்கறதும் முக்கியம். மாலிக்கு முன்னாடி குழல்னா ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியா நாக்கால தட்டி வாசிக்கற பாணிதான் பெரும்பாலும், விரல் பிடியையே மாத்தி வாய்ப்பாட்டுல வர்ற கமகத்தை, அதாவது ஸ்வரத்தை அசைச்சுப் பாடறதை, குழலுக்குள்ள கொண்டுவந்தது அவர். விஸ்வநாதன் இன்னும் ஒரு படி மேல, கச்சேரி நடுவுலயே குழலை இறக்கிட்டுப் பாடுவார், பாடிட்டு வாசிப்பார், சாகித்யம், அதாவது பாட்டோட வார்த்தை, எங்க மூச்சு விடுதோ அங்கதான் குழலும் மூச்சு விடும். மாணவன் பாடிக் காட்ட முடியாத சங்கதியை (ஒரு வரியை விதவிதமா மாத்திப் பாடறது) வாசிக்க விடாதீங்க. குரல் நல்லா இருக்கணும்னு அவசியம் இல்ல, ஸ்வரம் எங்க ஆடுதுன்னு தொண்டைக்குத் தெரிஞ்சா விரலுக்குத் தெரியும்.

க்ரூப் க்ளாஸ் எடுத்தா எல்லார் கையிலயும் ஒரே ஸ்ருதிக் குழல் இருக்கணும், ஆளுக்கொரு கட்டைல வாங்கிட்டு வந்தா அது க்ளாஸ் இல்ல கலவரம். சின்னக் குழந்தைக்கு நீளக் குழல் வேணாம், கட்டை கூடக்கூட குழல் சின்னதாகும், துளைங்க கிட்டக் கிட்ட வரும், விரல் எட்டும். முன்பல் விழுந்து முளைக்கற வயசுல வந்தா கொஞ்சம் பொறுக்கச் சொல்லி பாட்டு சொல்லிக்குடுங்க. முதல் நாள் ஊதினா தலை சுத்தறது சகஜம், மூச்சை அளவில்லாம இறைக்கறதால வர்றது, அதைப் பெத்தவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடணும், இல்லன்னா அடுத்த நாள் குழந்தை வராது.

பீஸ் விஷயம், மாச ஆரம்பத்துல வாங்குங்க, இல்லன்னா மூணு மாசத்துக்குச் சேத்து. வராத க்ளாஸுக்கு என்ன, எத்தனை நாள் முன்னாடி சொன்னா மாத்திக்கலாம்னு ஒரு பக்கம் எழுதிக் குடுத்துடுங்க. சொந்தக்காரங்க பசங்களுக்கு சும்மா சொல்லிக்குடுக்கறதை மட்டும் ஆரம்பிக்காதீங்க, அவங்களும் கத்துக்க மாட்டாங்க, உறவும் கெடும்.

ஆன்லைன் சரிப்படுமான்னா, ஓரளவு பிடிபட்டவங்களுக்கு நல்லாவே சரிப்படும், முதல் ரெண்டு மூணு மாசம் நேர்ல இருக்கறது நல்லது. இல்லாத பட்சத்துல அம்மாவோ அப்பாவோ பக்கத்துல உக்காரணும், குழலை உதட்டுல இவ்வளவு உருட்டுங்கறதை ஸ்க்ரீன் வழியா கை நீட்டிக் காட்ட முடியாதே. ஜூம்ல ஒரிஜினல் சவுண்டுன்னு ஒரு செட்டிங் இருக்கு, அதை ரெண்டு பக்கமும் போடணும். இல்லன்னா குழல் சத்தத்தை ஏதோ ஃபேன் இரைச்சல்னு நினைச்சு அது அமுக்கிடும், நீளமா பிடிச்ச ஷட்ஜம் நடுவுலயே கரைஞ்சு காணாமப் போகும், மாணவனுக்கு மூச்சு பத்தலன்னு நீங்க திட்டிக்கிட்டிருப்பீங்க. சேர்ந்து வாசிக்கறது நடக்காது, ரெண்டு பக்கமும் சத்தம் தாமதமா வரும், தாளம் ஒட்டவே ஒட்டாது. அவங்க பக்கம் ஸ்ருதிப்பெட்டி ஓடட்டும், நீங்க வாசிச்சு நிறுத்தினதும் அவங்க வாசிக்கட்டும். கேமராவை மூஞ்சிக்கு நேரா வைக்கச் சொல்லாதீங்க, வலப்பக்கமா கொஞ்சம் தள்ளி வச்சாதான் உதடும் தெரியும் விரலும் தெரியும். அமெரிக்கா மாணவங்கன்னா நம்ம காலை 6 மணி அவங்க கிழக்குக் கரைல முந்தின நாள் ராத்திரி எட்டரை, குளிர்காலத்துல ஏழரை. மார்ச்லயும் நவம்பர்லயும் அவங்க கடிகாரத்தை மாத்தற வாரம் அத்தனை க்ளாஸும் குழம்பும், முன்னாடியே மெசேஜ் போட்டுடுங்க.

டிகிரி. தனியா சொல்லிக்குடுக்க எந்த சர்டிஃபிகேட்டும் வேணாம், யாரும் கேக்கவும் மாட்டாங்க. வேலைக்குப் போகணும்னாதான் டிகிரி. சென்னை, மதுரை, கோவை, திருவையாறுல அரசு இசைக் கல்லூரிங்க இருக்கு, அண்ணாமலை யூனிவர்சிட்டில சங்கீதம் 1929-லேர்ந்து நடக்குது. காலேஜ்ல அசிஸ்டென்ட் ப்ரொஃபசர் ஆகணும்னா முதுகலை முடிச்சு நெட் (யுஜிசி தகுதித் தேர்வு) எழுதணும் இல்லன்னா பிஎச்டி. அரசு மாவட்ட இசைப்பள்ளிகளை நம்பித் திட்டம் போட்டா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, அங்க பாடம் குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம், இந்த ஏழுதான், குழலுக்கு இடமே இல்ல. தனியார் ஸ்கூல்ல ம்யூசிக் டீச்சர் வேலை இருக்கு, ஆனா அவங்க குழல் டீச்சரைத் தேடல, ப்ரேயர் பாட்டு சொல்லிக்குடுக்கணும், கீபோர்டு வாசிக்கணும், ஆண்டு விழாவுக்கு நாப்பது குழந்தைகளை வச்சுப் பாட வைக்கணும். அது கேவலமான வேலை இல்ல, மாசச் சம்பளம் வரும், சாயங்காலம் உங்களுக்கு ஃப்ரீ. ஆனா வாய் திறந்து பாடத் தெரியாத குழல்காரருக்கு அது கிடைக்காது.

வரி பத்தி யாரும் சொல்லித் தர்றதில்ல அதனால ரெண்டு வரி. பெரிய ப்ரோக்ராம் பணத்துல 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கற வருமான வரி) பிடிச்சுத்தான் தருவாங்க, ரிட்டர்ன் போட்டாதான் அதிகமா பிடிச்சது திரும்ப வரும், நிறைய கலைஞர்கள் போடாம விட்டுடறாங்க. ஜிஎஸ்டிய நினைச்சு பயப்பட வேணாம், கலை சொல்லிக்குடுக்கற தனிநபருக்கு விலக்கு இருக்கு, சாஸ்திரிய சங்கீதக் கச்சேரிக்கும் ஒரு நிகழ்ச்சிக்கு ஒண்ணரை லட்சம் வரைக்கும் விலக்கு. சினிமா ரெக்கார்டிங் அந்தக் கணக்குல வராது, ஒரு ஆடிட்டரைப் பாத்துடுங்க.

முழுநேரமா வந்தவங்களுக்கு வர்ற நிஜமான ஆபத்து காசு இல்ல, சாதகம், அதாவது உங்க சொந்தப் பயிற்சி, போயிடறது. சாயங்காலம் நாலு மணிநேரம் க்ளாஸ், ஒவ்வொரு மாணவனோடயும் சேர்ந்து சரளி வரிசையும் அலங்காரமும் ஊதி ஊதி உதடு தளர்ந்துபோயிடும், அதுக்கப்புறம் உங்க வாசிப்பை எடுக்க மனசே வராது. ரெண்டு வருஷம் இப்படியே ஓடினா மேடைல தோடி எடுத்தா காந்தாரம் மாணவன் காந்தாரமா வரும். க்ளாஸ்ல எல்லாத்தையும் கூட வாசிக்காதீங்க, பாடிக் காட்டுங்க, கை தட்டிக் காட்டுங்க. காலைல முதல் மணிநேரத்தை, மந்த்ர ஸ்தாயில நீளமா மூச்சைப் பிடிச்சு ஊதறதை, எந்த அமெரிக்கா மாணவனுக்கும் விக்காதீங்க. உடம்பையும் பாத்துக்கோங்க, தலையை ஒரு பக்கமே சாய்ச்சு வருஷக்கணக்கா வாசிச்சா கழுத்தும் தோளும் பிடிக்கும், நீளக் குழல்னா வலது சுண்டுவிரல் இழுத்துக்கும். வலிச்சா நிறுத்தணும், வலியோட வாசிக்கறது வீரம் இல்ல.

அப்ப வேலையை விடலாமா? இப்ப வேணாம். சனி ஞாயிறுல மாணவங்களை எடுங்க, டான்ஸ் ஆர்க்கெஸ்ட்ரா ஒண்ணு ரெண்டுல போய் உக்காருங்க, ரேடியோ ஆடிஷன் குடுங்க. எத்தனை பேர் சேர்ந்தாங்கன்னு எண்ணாதீங்க, விஜயதசமிக்கு யார் வேணா சேருவாங்க. சரளி வரிசைல ஆரம்பிச்சவங்கள்ல எத்தனை பேர் வர்ணம் வரைக்கும் உங்ககிட்டயே நின்னாங்கன்னு பாருங்க, அந்த எண்ணிக்கை உங்க வாடகையையும் மளிகையையும் தாங்கற அளவுக்கு வந்து, கையில ஒரு வருஷச் செலவும் சேர்ந்திருந்தா, அன்னைக்கு எழுதுங்க ரெசிக்னேஷன். அதுக்கு நாலு வருஷம் ஆனா ஆகட்டும், ஐடி வேலைல இருந்துக்கிட்டே சீசன்ல மத்தியான ஸ்லாட் வாசிக்கறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க, யாரும் அவங்களைக் குறைவா நினைக்கறதில்ல.

பல்லுக்குக் கம்பி. போடணும்னு டாக்டர் சொன்னா போடுங்க, ஆனா வேலையை விடறதுக்கு முன்னாடியே போட்டு முடிச்சுடுங்க. கம்பி போட்டதும் மேலுதட்டுக்கும் பல்லுக்கும் நடுவுல புதுசா ஒண்ணு வந்து உக்காந்துக்கும், காத்து போற கோணமே மாறிடும், கொஞ்ச நாளைக்கு டோன் காத்தா வரும், தார ஸ்தாயி (மேல் ஸ்தாயி) பிடிக்காது. அது பழகிடும். கழட்டின உடனே மறுபடியும் ஒரு தடவை எல்லாம் முதல்லேர்ந்து பழகணும், இதை டாக்டர் சொல்ல மாட்டார். மாட்டற தேதியும் கழட்டற தேதியும் மார்கழிக்கோ ரேடியோ ஆடிஷனுக்கோ பக்கத்துல வராம பாத்துக்கோங்க, உள்பக்கமா மாட்டற கம்பி உங்க பல்லுக்கு ஒத்து வருமான்னும் கேட்டுப் பாருங்க, அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் குழலையும் கையோட எடுத்துக்கிட்டுப் போய் அவர் முன்னாடியே ஊதிக் காட்டுங்க.